எடுபடும் மனுவும் எந்திரம் தரும் மனுவும்

திங்கட்கிழமைதோறும் நெல்லை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு மனுவைச் சரிபார்த்துத் தரச் சொல்லி என்னிடம் வருவோரில் பலர், இப்போது சாட்ஜிபிடி எழுதிய வரைவைச் செல்பேசியிலேயே கொண்டுவருகிறார்கள். எழுத்துப்பிழை குறைந்திருக்கிறது, பணிவும் கூடியிருக்கிறது. ஆனால் 'விவசாயப் பெருமக்களின் வாழ்வாதாரத்தைக் கருத்தில் கொண்டு' என்று ஒரு பக்கம் ஓடிய பிறகும், பாளையங்கால்வாயில் எந்த மடை அடைபட்டது, எந்த மாதம் முதல் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்பது அதில் இருப்பதில்லை.

கிராமமும் சர்வே எண்ணும் உட்பிரிவும் மனுதாரருக்கே தெரியும். அவர் சொல்லாமல் விட்ட இடத்தைச் செயற்கை நுண்ணறிவு பொதுச்சொற்களாலோ கற்பனையாலோ நிரப்பிவிடும். ஆகவே, யாருக்கு, எங்கே, எப்போது, என்ன நடந்தது, என்ன வேண்டும் என்பதை வீட்டில் பேசுகிற தமிழிலேயே முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கோரிக்கையை முதல் வாக்கியத்திலேயே வைத்து, ஒரு மனுவில் ஒரு குறையை மட்டும் சொன்னால், எந்திரத்தின் துணையின்றியே பாதி வேலை முடிந்துவிடும். கால்வாய்க் குறையையும் பட்டா மாறுதலையும் ஒரே தாளில் எழுதினால், மனு ஏதோ ஒரு துறைக்குப் போய், மற்றது கேட்பாரற்றுக் கிடக்கும்.

தகவல் உரிமைச் சட்ட மனுவில்தான் இந்தக் குறை பளிச்சென்று தெரிகிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6(2) பிரிவின்படி காரணம் சொல்லவே தேவையில்லை. வரைவிலோ காரணமே இரண்டு பத்தி. 'ஏன் இன்னும் சாலை போடவில்லை?' என்று கேட்டால், விளக்கம் தகவலாகாது என்று எளிதில் மறுத்துவிடலாம். அந்தச் சாலைக்கான மதிப்பீட்டின் நகலையும் கோப்புக் குறிப்புகளின் நகலையும் கேட்டால், பதிவேட்டில் உள்ளதை அப்படி மறுக்க முடியாது.

திருத்துவதற்கு மட்டும் எந்திரத்திடம் கொடுப்பதாக இருந்தால், 'நான் தராத எதையும் சேர்க்காதே' என்று கட்டளையிடுங்கள். அதன் பிறகும் ஒவ்வோர் எண்ணையும் சரிபாருங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டம் நடைமுறையில் இருக்க, அதற்குப் பின் நடந்த மோசடிக்கும் பழைய சட்டத்தின் 420ஆம் பிரிவை எழுதிய வரைவுகளைப் பார்க்கிறேன். 2019இலேயே தென்காசி மாவட்டத்துக்குப் போய்விட்ட சங்கரன்கோவிலை நெல்லை ஆட்சியரின் கீழேயே வைத்திருக்கும் வரைவுகளும் வருகின்றன. ஆதார் எண்ணையும் செல்பேசி எண்ணையும் அதனிடம் தரவே வேண்டாம். அந்த இடங்களைக் கோடிட்டு விட்டு, அச்செடுத்த தாளில் பேனாவால் நிரப்பிக்கொள்ளலாம்.