ஃபில்டர்: வடிகட்டியா, அரிப்பா, சுளகா?

தக்கலையில் இருக்கும் என் பெரியம்மைக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. “கிட்னியில ஃபில்டர் கொஞ்சம் மந்தம்” என்றாராம் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்டார்: “மக்களே, அந்த ஃபில்டரக் கழத்திக் கழுவ முடியாதா?” அடுக்களையில் தண்ணீர் மெஷினை அப்படித்தான் கழுவுகிறார். பெரியம்மையைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

இடைக்கால லத்தீனில் ஃபில்ட்ரம் என்றால் ஆட்டு ரோமத்தை அழுத்திச் செய்த தடித்த துணி. அதில் ஊற்றித் திரவங்களை வடித்தார்கள். துணியின் பெயர் வேலைக்கும் ஆகிவந்தது. நம் வடிகட்டியிலும் ஒரு துணி தெரிகிறது. பானை வாயில் வேடு கட்டி வடிப்பதைப் பார்த்தவருக்கு ‘வடி’யோடு ‘கட்டு’ ஏன் சேர்ந்தது என்று விளக்க வேண்டாம்.

வடிதல் என்றால் ஒழுகி இறங்குதல். வெள்ளம் வடியும், கண்ணீர் வடியும். திருத்திச் செய்வதும் வடித்தல்தான்: ‘வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே’ என்கிறது புறநானூறு. ஆனால் இந்த வினையில் ஒரு வேடிக்கை உண்டு. எந்தப் பக்கம் நமக்கு வேண்டியது என்று அது சொல்லாது. சோறு வடித்தால் மேலே நிற்பது வேண்டும், கஞ்சி இறங்கிவிடும். பனையிலிருந்து இறக்கிய அக்கானியை, அதாவது பதநீரை, பன்னாடை என்கிற வலை போன்ற பனை நாரில் வடித்தால் இறங்குவது வேண்டும். எறும்பும் ஈயும் மேலே நிற்கும். நன்னூல் கடை மாணாக்கருக்கு உவமை சொல்லும்போது ‘நெய்யரி’ என்பது இந்தப் பன்னாடையைத்தான். நல்லதை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்கிறதாம். பாவம், அதன் வேலையே அதுதான்!

சிறுநீரகம் எந்தப் பக்கம்? இங்கேதான் ‘ஃபில்டர்’ பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டும் நுண்ணிய அலகுகள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் மெல்லிய ரத்தக்குழாய்களின் முடிச்சு ஒன்று. ரத்த அழுத்தத்தில் அங்கே தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாம் கலந்து வடிகிறது. ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் மட்டும் உள்ளே நிற்கின்றன. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லி. நாளைக்கு 1,440 நிமிடம். ஆக 180 லிட்டர். அவ்வளவும் வெளியே போனால் காலையில் எழுந்தவர் மத்தியானம் இருக்க மாட்டார். அதனால் பின்னால் வரும் நுண்குழல்கள் வேண்டியதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. சர்க்கரை முழுக்கத் திரும்பும், தண்ணீரில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்பும். மிச்சம் ஒன்றரை லிட்டர்தான் சிறுநீர். எல்லாவற்றையும் முதலில் கொட்டிவிட்டு, அப்புறம் பொறுக்கி எடுப்பது. பெரியம்மையிடம் இதைச் சொன்னபோது, “அப்போ அரிப்பு இல்ல, சுளகுன்னு சொல்லு” என்றார். எங்கள் ஊரில் மாவை அரிப்பது அரிப்பு, அரிசியில் கல் பொறுக்குவது சுளகில், அதாவது முறத்தில். டாக்டர் சொன்ன ‘ஃபில்டர்’ அந்த நிமிடக் கணக்குதான். தமிழில் வடிவீதம் என்றால் போதும்.

சிறுநீரகம் என்ற பெயரும் கழிவை மட்டும்தான் சொல்கிறது. இறைச்சிக்கடையில் கேட்கும் குண்டிக்காய் அதுகூடச் சொல்லவில்லை. இன்னொன்று: குடிக்கிற தண்ணீரை நேராகச் சிறுநீரகம் வடிகட்டுவதில்லை. குடல் அதை ரத்தத்தில் சேர்த்த பிறகுதான் அதன் முறை வரும். அழுக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிட்னி பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது.

மூக்கு காற்றை ஃபில்டர் பண்ணுவதாகவும் சொல்வோம். ஆனால் காற்றுக்கு ‘வடி’ பொருந்தவே பொருந்தாது. காற்று எங்கே வடிகிறது? சித்த வைத்தியர்கள் பொடியைத் துணியில் சலிப்பதை வஸ்திரகாயம் என்பார்கள். மூக்குமயிர் அந்த மாதிரிச் சல்லடைதான், ஆனால் பெரிய தூசிக்கு மட்டும். மீதி வேலையைச் செய்வது பசை. சக்கை, அதாவது பலாப்பழம், வெட்டினால் கையில் பிசின் ஒட்டுமே, அதுபோல மூச்சுப்பாதைச் சளியில் தூசி ஒட்டிக்கொள்கிறது. கதம்பை என்கிற தேங்காய் மட்டையை அடித்து நார் பிரிக்கிற இடத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு மூக்கைச் சிந்திப் பாருங்கள், தெரியும். மூச்சுக்குழாயின் குறு இழைகள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து அந்தச் சளியைத் தொண்டைக்குத் தள்ளுகின்றன. நாம் தெரியாமலே விழுங்குகிறோம். ஆகவே இதற்குச் சலித்தல், ஒட்டுதல், கூட்டுதல் என்று மூன்று சொல்லாவது வேண்டும். பீடிப் புகை முதலில் கெடுப்பது அந்தக் கூட்டுதலை. விளக்குமாறு நின்றுபோன வீட்டில் சளியை வெளியேற்ற மிஞ்சுவது இருமல் ஒன்றுதான்.