சொல் விளக்கம்: அவதார்

இணையத்தில் மாயாஜால உலக விளையாட்டுகளை ஆடுபவர்கள் சொல்லும் 'அவதார்' நம் அவதாரம்தான். ஆங்கிலம் வழியாகச் சுற்றிவந்ததில் வால் மட்டும் அறுந்திருக்கிறது.

ஆடுபவருக்குப் பதிலாகத் திரையில் நடமாடும் உருவமே அவதார். மனிதனா, குள்ளனா, வீரனா, மந்திரவாதியா என்பதில் தொடங்கி, தாடை, தழும்பு, தலைமுடி வரை எல்லாம் அவர் இஷ்டம். முதல் ஓநாயை வெட்டுவதற்கு முன்பே, மூக்கை நீட்டிக் குறுக்கி ஒரு மணி நேரத்தைக் கரைப்பவர்கள் உண்டு. பேச்சு வழக்கில் 'கேரக்டர்' என்பார்கள்.

வடமொழியில் 'அவ' என்றால் கீழே, 'த்ரு' என்றால் கடந்து வருதல். மேலிருந்து இறங்கி வருவது அவதாரம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் நுழைந்தது. 1985இல் ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய 'அல்டிமா 4' ஆட்டத்தில், எட்டு அறங்களில் தேறியவரே அவதார் ஆக முடியும். அங்கே அது ஒரு பட்டம். அடுத்த ஆண்டு சோதனைக்கு வந்த 'ஹாபிடாட்', கமடோர் 64 கணினிகளைத் தொலைபேசி வழியே இணைத்துப் பலரையும் ஒரே ஊரில் உலவவிட்டது. திரையில் உலவிய உருவங்களுக்கு அவதார் என்று பெயர் வைத்தார்கள். இன்றைய பொருள் அதுதான்.

இந்த ஆட்டங்கள் ஆளை விடாமல் பிடித்துவைப்பதற்கு, என் கணக்கில், அவதார்தான் முதல் காரணம். சதுரங்கத்தில் ஆட்டம் முடிந்தால் காய்கள் பெட்டிக்குள் போய்விடும். இங்கே ஏறிய லெவல், கிடைத்த வாள், சேர்ந்த பெயர் எல்லாம் அவதார்மீது படிந்துகொண்டே போகின்றன. கணினியை அணைத்தாலும் அந்த உலகம் ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் கூட்டாளிகள். 2004இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'டின் தொடக்க காலப் பெரிய ரெய்டுகளுக்கு, அதாவது கூட்டமாகப் போய் வலிய எதிரிகளைத் தாக்கும் படையெடுப்புகளுக்கு, 40 பேர் வரை கூடுவார்கள். முன்னால் நின்று அடி வாங்கும் 'டேங்க்' வராவிட்டால் மற்றவர்கள் கைகட்டி நிற்க வேண்டியதுதான். "நீ வரலைன்னா இன்னிக்கு ரெய்டே இல்ல" என்று சொன்னால் யாருக்குத்தான் எழுந்துபோக மனம் வரும்?

உருவம் ஆளையே மாற்றுவதும் உண்டு. நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மெய்நிகர் உலகில் உயரமான அவதார் கிடைத்தவர்கள் பேரத்தில் கறாராக நின்றார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தோற்றரவு' என்ற சொல் இருக்கிறது. ஆனால் அது தெய்வம் இறங்கி வருவதற்கானது. ஓநாய் வேட்டைக்குக் கொஞ்சம் அதிகம். ஆடுபவர் செய்வது கூடுவிட்டுக் கூடு பாய்தல். பசுக்களின் துயர் தீர்க்க இடையன் மூலனின் உடலுக்குள் போன திருமூலர், திரும்பி வந்து பார்த்தால் பழைய உடலைக் காணோம். விடிய விடிய ஆடுபவரின் வீட்டார் இந்தக் கதைக்குத் தலையாட்டுவார்கள்.

நான் 'புனையுரு' என்பேன். புனைபெயர் நமக்குப் பழக்கம். இது அதன் உடன்பிறப்பு. கற்பித்தல், அழகுபடுத்தல் இரண்டும் 'புனை'யில் உண்டு. "என் புனையுரு 40ஆம் நிலையைத் தொட்டுவிட்டது" என்று தயங்காமல் எழுதலாம். சமூக ஊடகக் கணக்கில் அசையாமல் நிற்கும் படத்தையும் அவதார் என்கிறார்கள். அதற்கு 'முகப்புப் படம்' போதும்.