மலை இருக்கிறது, ஈர்ப்புதான் குறைகிறது

கடல் மட்டம் என்று பேர்தான், அது ஒன்றும் மட்டமாக இல்லை. அலை, ஓதம் எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலின் பரப்பு, பூமிக்குக் கணக்குப் போட்டு வரைந்த நீள்கோளத்தைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. சரிவு மிக மெல்லியது என்பதால் கப்பலில் போகிறவர்களுக்கு எதுவும் தெரியாது.

ஈர்ப்பு எந்தப் பக்கம் கூடுதலோ, நீர் அந்தப் பக்கம் ஒதுங்கும். பாறை நீரைவிட அடர்த்தியானது. அடியில் 2 கிலோமீட்டர் உயர எரிமலை ஒன்று நின்றால், அதற்கு மேலே கடல் சுமார் 2 மீட்டர் புடைத்திருக்கும். ஆகவே கடற்பரப்பின் வடிவத்தை அளந்தால் அடியில் உள்ள நிறைப் பரவலை ஊகிக்கலாம். செயற்கைக்கோள் ரேடார் துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்திலிருந்து கடலின் உயரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 1 மில்லிமீட்டர் சரிவு இருந்தால், ஈர்ப்பில் ஏறத்தாழ 1 மில்லிகால் வேறுபாடு என்று பொருள். அதாவது பூமியின் ஈர்ப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

கப்பலிலிருந்தே அளந்தால் என்ன? அளக்கலாம், ஆனால் தொல்லை பிடித்த வேலை. பூமத்திய ரேகையில் கப்பல் கிழக்கு நோக்கி 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர்) வேகத்தில் போனாலே, மையவிலக்கு விளைவால் கருவி 75 மில்லிகால் குறைத்துக் காட்டும். தேடுகிற சமிக்ஞையே பல சமயம் அதைவிடச் சிறியது. டச்சு அறிவியலாளர் வெனிங் மைனஸ் 1923-இல் தன் ஊசல் கருவியை நீர்மூழ்கியில் ஏற்றிக்கொண்டு போனது, கடலின் ஆட்டத்திலிருந்து தப்பிக்கத்தான். அப்புறம் செயற்கைக்கோள்கள் வந்தன. அமெரிக்கக் கடற்படை 1985-இல் ஏவிய ஜியோசாட்டின் தரவு முழுவதும் வெளியானது 1995-இல்தான். இரண்டே ஆண்டில் ஆய்வாளர்கள் ஸ்மித்தும் சாண்ட்வெல்லும் உலகக் கடற்தள வரைபடத்தை வெளியிட்டார்கள்.

அந்த மாதிரி வரைபடத்தில் முதலில் கண்ணில் படுவது நீண்ட கோடுகள். புது மேலோடு பிறக்கும் கடலடி மலைத்தொடரான நடுக்கடல் முகடு நெடுகிலும் ஒரே நேர்கோடாக ஓடுவதில்லை. துண்டு துண்டாக விலகி நிற்கிறது. அந்த விலகலில் இளம் மேலோடும் பழைய மேலோடும் அக்கம்பக்கமாக வருகின்றன. இளையது சூடானது, அதனால் உயர்ந்து நிற்கும். பழையது குளிர்ந்து தாழ்ந்திருக்கும். படிக்கட்டின் படி போன்ற இந்த உயர வேறுபாடுதான் ஈர்ப்பில் சட்டென்ற மாற்றமாகத் தெரிகிறது. கிட்டத்தட்டச் செங்குத்தான பிளவு என்றால், மாற்றம் எங்கே மிகச் செங்குத்தாக இருக்கிறதோ அதற்கு நேர்கீழே எல்லை இருக்கும். வண்டல் மூடிய பிறகும் படி மறைவதில்லை. இவையெல்லாம் செத்துப்போன தழும்புகள் என்றும் நினைத்துவிடக் கூடாது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது, புவித்தட்டின் எல்லையை விட்டு விலகிய இடத்தில் இப்படிப்பட்ட பழைய முறிவுகளும் சேர்ந்து நகர்ந்தன. நகர்வு பெரும்பாலும் பக்கவாட்டில் இருந்ததால் பெரிய சுனாமி எழவில்லை.

சரி, மேலோட்டின் தடிமன்? அதற்குக் கழித்தல் கணக்கு. அளந்த ஈர்ப்பிலிருந்து நீரின் பங்கு, கடற்தள மேடுபள்ளத்தின் பங்கு, வண்டலின் பங்கு எல்லாவற்றையும் நீக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் நீர் இருக்கும் இடத்தில் பாறையை வைத்தால் மட்டுமே சுமார் 70 மில்லிகால் மாறும். எஞ்சுவதில் பெரும்பங்கு, மேலோட்டுக்குக் கீழே உள்ள கனமான கவசப் பாறை எவ்வளவு ஆழத்தில் தொடங்குகிறது என்பதைச் சொல்லும். கடலடி மேலோடு வழக்கமாக 6, 7 கிலோமீட்டர்தான்.

இந்தக் கணக்கு எவ்வளவு வழுக்கும் என்பதற்கு வங்கக் கடலே சாட்சி. அங்கே 90 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ள மலைத்தொடர் எதிர்பார்த்தபடி ஈர்ப்பைக் கூட்டிக் காட்டுகிறது. 85 பாகைத் தொடரோ பல கிலோமீட்டர் வண்டலுக்குள் புதைந்து கிடக்கிறது. அதன் மேலே ஈர்ப்பு குறைகிறது! அதே தொடர் தெற்கே போகும்போது குறி மாறி, ஈர்ப்பு கூடுகிறது. மலையின் பாரம் அக்காலத்து இளம் தட்டை வளைத்து, இலேசான மேலோட்டைக் கவசத்துக்குள் அழுத்தியிருக்கலாம்; பிற்பாடு மேலே குவிந்த வண்டல் இறுகி, பாறையின் அடர்த்தியை நெருங்கியிருக்கலாம். அப்படியானால் மலையின் உபரி நிறை கணக்கில் வராமல் போய், அடியில் உள்ள குறை மட்டும் தெரியும். எனக்கு இது நம்பத்தக்கதாகவே படுகிறது, ஆனாலும் விவாதம் ஓயவில்லை.

ஓயாததற்குக் காரணம் இருக்கிறது. ஆழத்தில் உள்ள ஒடுங்கிய பொருளும், மேலே அகலமாகப் பரவிய பொருளும் ஒரே ஈர்ப்பு வளைவைத் தர முடியும். இரண்டில் எது என்று தீர்க்க நிலநடுக்க அலை ஆய்வு வேண்டும். அதற்குக் கப்பல் போக வேண்டும், கப்பல் போன தடங்களோ சில. இடைவெளிகளை ஈர்ப்புத் தரவு நிரப்புகிறது.

2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வாட் செயற்கைக்கோள் கோடாக அளக்காமல் பட்டையாகவே அளக்கிறது; சிறு கடலடிக் குன்றுகள்கூட இப்போது தெரிகின்றன. ஆனால் 4 கிலோமீட்டர் நீர் நடுவில் நிற்கும்வரை, அதைவிட மிகச் சிறிய பிளவுகளின் சமிக்ஞை மேலே வருவதற்குள் தேய்ந்துவிடும். அவற்றைப் பிடிக்க ஈர்ப்புமானியைத்தான் கடற்தளத்துக்கு அருகே இறக்க வேண்டியிருக்கிறது.