சுவரில் முளைக்கும் அரசங்கன்று: உடலுக்குள் ஈஸ்ட் பெருகுவது எப்படி?

கானாடுகாத்தான், ஆத்தங்குடி, தேவகோட்டைத் தெருக்களில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளை அண்ணாந்து பார்த்தால், கைப்பிடிச் சுவரில் எங்காவது ஓர் அரசங்கன்று நிற்கும். விதையைப் போட்டது பறவை. அது எல்லா வீட்டுச் சுவரிலும்தான் எச்சமிடுகிறது. ஆள் புழங்கும் வீட்டில் விதை வெயிலில் காய்ந்துபோகும். ஓடு உடைந்து மழைநீர் இறங்குகிற வீட்டில் முளைவிட்டு, சுண்ணாம்புக் காரையின் கீறலுக்குள் வேரை இறக்கும். கேண்டிடா என்கிற ஈஸ்ட் நம் உடலில் நடந்துகொள்வதும் ஏறக்குறைய இப்படித்தான்.

ஈஸ்ட் என்பது ஒற்றைச் செல் பூஞ்சை. பேக்கரி ரொட்டியை உப்பவைப்பது ஒரு வகை. பனங்கள்ளைப் பொங்கவைப்பதும் பெரும்பாலும் அதுதான். மனிதர்களிடம் தொல்லை கொடுப்பது அதிகமும் கேண்டிடா அல்பிகன்ஸ். கேண்டிடா என்றால் லத்தீனில் வெண்மை. இந்தப் பேரினத்துக்கு அப்பெயரை 1923-இல் இட்டவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டின் பெர்க்ஹவுட். நோய்நொடி எதுவும் இல்லாதவர்களிலும் பலருடைய வாயிலும் குடலிலும் பெண்களின் பிறப்புறுப்பிலும் இது சத்தமில்லாமல் குடியிருக்கிறது. அதனால் "யாரிடமிருந்து ஒட்டியது?" என்று தேடுவது பெரும்பாலும் வீண் வேலை. விதை முன்பே இருந்தது. கசிவு எப்போது தொடங்கியது என்பதே கேள்வி.

இந்த உயிரிக்கு இரண்டு உருவங்கள் உண்டு. அமைதியாக இருக்கும்போது 4 முதல் 6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள உருண்டை. பக்கத்தில் மொட்டுவிட்டுப் பெருகும். உடல் வெப்பம், ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரான சீரம், அமிலம் குறைந்த சூழல் ஆகியவை வாய்த்தால் அதே உருண்டையிலிருந்து ஓர் இழை நீளும். ஆய்வுக்கூடத்தில் இதை நுண்ணோக்கியில் பார்க்கலாம்: அரை மில்லி சீரத்தில் சிறிது ஈஸ்ட்டைக் கலந்து 37 டிகிரி செல்சியஸில் வைத்தால் 2, 3 மணி நேரத்தில் முளைக்குழல் எட்டிப்பார்க்கும். அல்பிகன்ஸை அடையாளம் காண இன்றும் பயன்படும் எளிய சோதனை இது. அரிப்பும் எரிச்சலும் தருவது பெரும்பாலும் இந்த இழை உருவம். இழையின் நுனி செல்களுக்குள் குத்தி நுழைகிறது; கூடவே கேண்டிடாலைசின் என்ற நச்சுப் புரதத் துண்டைச் சுரந்து செல் சவ்வில் ஓட்டை போடுகிறது. அந்த நச்சு 2016-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

உருண்டை இழையாகாமல் காத்து நிற்பவை மூன்று: உடன் வாழும் பாக்டீரியாக்கள், உலர்ந்த முழுத்தோல், ரத்த வெள்ளணுக்கள். இவற்றில் எது தளர்ந்தாலும் கசிவு தொடங்கிவிடும்.

பாக்டீரியாவிலிருந்து தொடங்கலாம். பெண்ணுறுப்பில் வாழும் லாக்டோபேசில்லஸ்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து அங்குள்ள பிஎச் அளவை (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 4.5-க்குக் கீழே வைத்திருக்கின்றன. சளிக்கும் இருமலுக்கும் தானாக வாங்கி விழுங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை இவற்றையும் சேர்த்துத் தீர்த்துவிடும். ஈஸ்ட்டை அது தொடுவதில்லை; ஏனென்றால் பாக்டீரியாவின் செல் சுவரும் புரதம் செய்யும் ரைபோசோமும் வேறு, பூஞ்சையுடையவை வேறு. தடுப்பார் இல்லாத இடத்தில், வசதியான சூழலில், கேண்டிடா ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும். 24 மணி நேரத்தில் 16 இரட்டிப்பு. கணக்குப்படி ஒரு செல் 65,536 ஆகும். உடலுக்குள் அவ்வளவு தாராளமாகப் பெருக முடியாதுதான். ஆனாலும் 5 நாள் மாத்திரை முடியும்போது அரிப்பு தொடங்குவது ஏன் என்பது இந்தக் கணக்கில் புரியும்.

அடுத்தது சர்க்கரை. இங்கேதான் குழப்பம் அதிகம். கவுனி அரிசியும் அதிரசமும் சாப்பிட்டால் ஈஸ்ட்டுக்கு விருந்து வைத்ததுபோல என்று பலரும் நம்புகிறார்கள். சாப்பிடும் சர்க்கரையில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. பெருங்குடல் வரை போய்ச் சேருவது சொற்பம். பிறப்புறுப்பிலும் தோல் மடிப்பிலும் உள்ள ஈஸ்ட்டுக்குச் சீனி போய்ச்சேரும் வழி ரத்தம். ரத்தச் சர்க்கரை 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகம் தேக்கிவைக்க முடியாமல் சிறுநீரில் விட்டுவிடுகிறது. அதே உயர்ந்த சர்க்கரை வெள்ளணுக்களின் வேட்டைத் திறனையும் மழுங்கடிக்கிறது. ஆக, சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர் தீபாவளிக்கு இரண்டு அதிரசம் சாப்பிட்டதால் ஈஸ்ட் வந்துவிடாது. மூன்று மாதச் சராசரி எகிறிக் கிடப்பவர் இனிப்பைத் தொடாவிட்டாலும் வரும்.

இதில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரைகள் வேலை செய்யும் விதமே குளுக்கோஸைச் சிறுநீரில் வெளியேற்றுவதுதான். நாளொன்றுக்குச் சுமார் 70 கிராம், அதாவது ஏறக்குறைய 15 தேக்கரண்டிச் சீனி. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மருந்து என்பதால் பலருக்கும் எழுதித் தரப்படுகிறது. பிறப்புறுப்பில் ஈஸ்ட் பெருக்கம் இதன் தெரிந்த பக்கவிளைவு. ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்ததும் வெறும் தண்ணீரில் கழுவி, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தாலே பாதித் தொல்லை குறையும். ஆண்கள் முன்தோலைப் பின்தள்ளிக் கழுவவேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள். ஆண்களிடம் முன்தோல் சிவந்து, வெடித்து, இறுகிப்போவது சில நேரம் நீரிழிவின் முதல் அடையாளமாகவே இருக்கும். அதுபோல மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஈஸ்ட் பெருக்கம் அரிது, ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடுவதால். அறுபது வயது ஆச்சி ஒருவர் கூச்சத்தோடு "கீழே அரிக்குது" என்று மகளிடம் சொன்னால், களிம்பு வாங்குவதற்கு முன் வெறும்வயிற்றுச் சர்க்கரையைப் பாருங்கள். 126-உம் அதற்கு மேலும் நீரிழிவின் எல்லை. மறுபடி ஒருமுறை எடுத்து உறுதிசெய்ய வேண்டும்.

இனி தோல். செட்டிநாட்டு வெயிலில் விசேஷ வீட்டுக் கோட்டை அடுப்பின் முன் நாள் முழுக்க நிற்கும் சமையல்காரர்களுக்கும், பாலியெஸ்டர் பாவாடையின் நாடாவை இறுக்கிக் கட்டிய பெண்களுக்கும் இடுப்பு, மார்பகத்தின் அடிப்பகுதி, தொடை இடுக்கு ஆகிய இடங்களில் வியர்வை காயவே காயாது. ஊறிய தோல் ஒன்றோடொன்று உராய்ந்து பிய்ந்த இடத்தில் கேண்டிடா குடியேறும். ஈரமாகப் பளபளக்கும் சிவப்புத் திட்டு, அதைச் சுற்றிச் சிதறிய குட்டிக் குட்டிச் சிவப்புப் புள்ளிகள்: இந்தப் புள்ளிகள்தான் அடையாளம். படர்தாமரை வேறு, அது வட்டமாக, ஓரம் தடித்து, நடு வெளுத்துப் படரும். அதை உண்டாக்குவது ஈஸ்ட் அல்லாத வேறு பூஞ்சை. இரண்டுக்கும் சேர்த்துக் கடைகளில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்பு இரண்டே நாளில் அரிப்பை அடக்கும், பிறகு பூஞ்சையைக் காடாக வளர்த்துவிடும். குழாயின் மேல் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1 சதவீத குளோட்ரிமசோல் மட்டும் உள்ள களிம்பை மெல்லிசாக நாளுக்கு இருமுறை, 2 முதல் 4 வாரம் தடவவேண்டும். தோல் சரியாகிவிட்டதுபோலத் தெரிந்தபின் மேலும் ஒரு வாரம். குளித்ததும் மடிப்பை நன்றாக உலர்த்தி, மடித்த பருத்தித் துணியை இடையில் வைக்கலாம். அந்த நாட்களில் கண்டாங்கி போன்ற பருத்திச் சேலையும் தளர்ந்த பருத்திப் பாவாடையும் களிம்புக்குச் சமமான வேலை செய்யும்.

தேமலும் ஈஸ்ட்தான், ஆனால் வேறு இனம்: மலாசீசியா. அதற்குக் கொழுப்பு அமிலத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது. தோலின் எண்ணெய்ப் பசையைத் தின்றுதான் வாழ்கிறது. தேமலுக்குத் தேங்காயெண்ணெய் தேய்ப்பவர்கள் அதற்குச் சோறு போடுகிறார்கள். 2 சதவீத கீட்டோகொனசோல் ஷாம்பூவை மார்பு, முதுகு, கழுத்தில் நுரைக்கத் தேய்த்து 5 நிமிடம் விட்டுக் கழுவவேண்டும். தொடர்ந்து சில நாட்கள். ஈஸ்ட் செத்தபிறகும் வெளுப்பு மறையப் பல மாதம் பிடிக்கும் என்பதால், மருந்து கேட்கவில்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். சுரண்டினால் பொடி உதிராவிட்டால் வேலை முடிந்தது என்று பொருள்.

சின்ன வெங்காயம் உரிப்பவர்கள், மாவு வழிப்பவர்கள், காரைக்குடிப் பலகாரக் கடைகளில் நாள் முழுக்கக் கை நனைப்பவர்கள் ஆகியோருக்கு நகக்கண் வீங்கிச் சிவந்து மாதக்கணக்கில் நிற்கும். நகத்தையும் தோலையும் ஒட்டவைக்கும் மெல்லிய சவ்வு ஊறிப்போய் அறுந்ததும் அங்கே ஒரு பை உண்டாகி ஈரம் தேங்குகிறது. ஈஸ்ட் அந்தப் பைக்குள் பிறகு வந்து சேர்வது; மூலக் காரணம் தண்ணீரும் சோப்பும்தான். பூஞ்சைக் களிம்பு மட்டும் தடவிப் பலனில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள், உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை என்று போட்டு வேலைசெய்து பார்க்கவேண்டும். அந்தச் சவ்வை வெட்டவோ ஊசியால் கிளறவோ கூடாது.

வாயில் வரும்போது தயிர்த்துண்டுபோல வெள்ளை படியும். துடைத்தால் அடியில் சிவந்த புண். கைக்குழந்தைக்குப் பால் படிவது நாக்கில் மட்டும், எளிதில் துடைபடும். கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளை இருந்தால் அது ஈஸ்ட். பொரித்த வெங்காரத்தைத் தேனில் குழைத்துத் தடவும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. வெங்காரம் குழந்தைக்கு நஞ்சு. தேனும் ஒரு வயதுக்குள் ஆகாது. பல்செட் அணியும் பெரியவர்கள் இரவில் கழற்றி, தேய்த்துக் கழுவி வைக்கவேண்டும். இல்லாவிட்டால் அக்ரிலிக்கின் மேல் ஈஸ்ட் படலமாகப் படிந்து அண்ணத்தைச் சிவக்கவைக்கும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் உடனே வாய் கொப்பளித்துத் துப்பவேண்டும். விழுங்கும்போது நெஞ்சு வலித்தால் உணவுக்குழாய் வரை இறங்கியிருக்கலாம். எச்ஐவி சோதனை உட்பட முழுப் பரிசோதனை தேவை.

வெள்ளைப்படுதல் எல்லாமே ஈஸ்ட் இல்லை. கெட்டியாக, தயிர்போல, நாற்றமில்லாமல், கடும் அரிப்போடு வந்தால் ஈஸ்ட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். மீன் நாற்றம் அடித்தால் பாக்டீரியா. மஞ்சள்பச்சையாக நுரைத்தால் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி. பிஎச் தாளைத் தொட்டுப் பார்த்து 4.5-க்கு மேல் காட்டினால் பின்னிரண்டில் ஒன்றைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். வெள்ளைப்படும் திரவத்தின் ஒரு துளியில் 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் மொட்டும் இழையும் தெரியும். நிமிடங்களில் முடியும் சோதனை. இதையெல்லாம் விட்டுவிட்டு, பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல், பாக்டீரியாவுக்கான அசித்ரோமைசின், பாக்டீரியாவுக்கும் டிரைக்கோமோனாஸுக்குமான செக்னிடசோல் மூன்றையும் ஓர் அட்டையில் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. ஈஸ்ட் மட்டும் இருக்கும் பெண்ணுக்கு மற்ற இரண்டும் தேவையே இல்லை.

உறுதியான சாதாரண ஈஸ்ட் என்றால் ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் ஒரே ஒரு மாத்திரை, அல்லது உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் 500 மில்லிகிராம் ஒருமுறை. கர்ப்பிணிகளுக்கு விழுங்கும் மாத்திரை வேண்டாம். உள்ளே வைப்பதை 7 நாள் தருவார்கள். பூஞ்சையின் செல் சவ்வில் நம்மிடம் இல்லாத எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு இருக்கிறது. ஃப்ளூகோனசோல், குளோட்ரிமசோல் போன்ற அசோல் வகை மருந்துகள் அதன் உற்பத்தியைத் தடுக்கின்றன. வாய்க்கு ஊற்றும் நிஸ்டாட்டின் அதே கொழுப்பைப் பிடித்துச் சவ்வை ஓட்டையாக்குகிறது. எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுனும் 1950-இல் அறிவித்த இந்த மருந்துக்கு அவர்கள் வேலைபார்த்த நியூயார்க் மாநிலத்தின் பெயர்தான். ஃப்ளூகோனசோல் கல்லீரலில் பிற மருந்துகள் சிதைவதைத் தடுக்கும் என்பதை மறக்கக் கூடாது: கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ரத்தம் கசியலாம். மாத்திரை அட்டைகளை எல்லாம் கையோடு கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

சோர்வு, மறதி, உடம்புவலி, வயிற்று உப்புசம் அனைத்துக்கும் "உடலெங்கும் ஈஸ்ட்" என்று சொல்லி விற்கப்படும் சுத்திகரிப்புப் பொடிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். காலையில் தண்ணீர் டம்ளரில் எச்சில் துப்பி, நூல்போல இறங்கினால் கேண்டிடா என்பார்கள். எச்சிலில் உள்ள சளிப்பொருளால் எவருடைய எச்சிலும் அப்படி இறங்கும். மலத்தில் ஈஸ்ட் தென்பட்டாலும் அது பலரிடம் இயல்பு. இத்தகைய அறிகுறிகள் கொண்ட 42 பெண்களுக்கு நிஸ்டாட்டினையும் வெற்று மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 1990-இல் வெளியானது. உடல்சோர்வு போன்றவற்றில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. அந்தச் சோர்வுக்குப் பின்னால் ரத்தசோகையோ தைராய்டோ இருக்கலாம். பொடி தின்னும் மாதங்களில் அது தேடப்படாமல் போகிறது. இட்லி, பணியார மாவைப் பார்த்துப் பயப்படவும் தேவையில்லை. மாவைப் புளிக்கவைப்பவை முக்கியமாக லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். சேர்ந்து வளரும் ஈஸ்ட்டும் வேகும்போது செத்துவிடும். வெள்ளைப் பணியாரத்துக்கோ மாவைப் புளிக்கவைக்கும் வேலையே கிடையாது.

உண்மையிலேயே உயிரைப் பறிக்கக்கூடிய ஈஸ்ட் தொற்று ரத்தத்தில் ஏறுவது. அது தீவிர சிகிச்சைப் பிரிவில், மையச் சிரைக் குழாய் செருகப்பட்டவர்களுக்கு, நீண்ட நாள் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கு வருவது. வீட்டில் நடமாடுபவரின் கவலை அல்ல. 2009-இல் ஜப்பானிய நோயாளி ஒருவரின் காதிலிருந்து விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் பல மருந்துகளுக்கு அடங்காதது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் அதுவும் அல்பிகன்ஸும் முதல் அடுக்கில் இருக்கின்றன.

ஓராண்டில் 3 முறைக்கு மேல் பெண்ணுறுப்பில் ஈஸ்ட் திரும்பினால் வெள்ளைப்படும் திரவத்தைக் கிண்ணத்தில் வளர்த்து எந்த இனம் என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேண்டிடாவிலேயே கிளாப்ரேட்டா என்ற இனம் ஃப்ளூகோனசோலுக்கு எளிதில் மசியாது. அல்பிகன்ஸ்தான் என்றால் 3 நாளுக்கு ஒரு மாத்திரை வீதம் 3 மாத்திரை, பிறகு வாரம் ஒன்றாக 6 மாதம் தருவார்கள். அந்த 6 மாதமும் பெரும்பாலோருக்கு நிம்மதி. நிறுத்தியபின் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி வருகிறது. ஆகவே அந்த 6 மாதத்துக்குள் சர்க்கரைக் கணக்கு, சாப்பிடும் மாத்திரைகள், உடுப்பு என்று கசிவு எங்கே என்பதைத் தேடி அடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.