கைசர் என்றால் மன்னரா?

1910 மே 20. இங்கிலாந்தின் ஏழாம் எட்வர்டை அடக்கம் செய்த நாள். அதற்காக விண்ட்சருக்கு வந்திருந்த முடிமன்னர்களில் ஒன்பது பேரைச் சேர்த்து ஒரு புகைப்படம் எடுத்தார்கள். ஐரோப்பிய அரச குடும்பங்களைப் பற்றி எங்கே படித்தாலும் இந்தப் படம் கண்ணில் படாமல் போகாது. முன்வரிசையில் மூவர் உட்கார்ந்திருக்கிறார்கள்: ஸ்பெயினின் அல்ஃபோன்சோ, நடுவில் இங்கிலாந்தின் ஐந்தாம் ஜார்ஜ், அப்புறம் டென்மார்க்கின் ஃபிரெடெரிக். பின்வரிசையில் நார்வே, பல்கேரியா, போர்ச்சுகல், ஜெர்மனி, கிரீஸ், பெல்ஜியம் என்று ஆறு பேர் நிற்கிறார்கள். எல்லோர் மார்பிலும் பதக்கம், ஏறக்குறைய எல்லோர் முகத்திலும் மீசை.

தமிழில் இந்தப் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதச் சொன்னால் 'ஒன்பது மன்னர்கள்' என்று எழுதி முடித்துவிடுவோம். ஆனால் இவர்களில் மூன்று பேருடைய பட்டத்துக்குள் ஒரே ஒரு ரோமானியரின் பெயர் உட்கார்ந்திருக்கிறது. ஜார்ஜுக்குப் பின்னால் மீசையை மேல்நோக்கி முறுக்கி நிற்கும் இரண்டாம் வில்ஹெல்ம், கைசர். பின்வரிசையில் இடமிருந்து இரண்டாவதாக நிற்கும் பல்கேரியாவின் ஃபெர்டினாண்ட், ஜார். ஜார் என்றதும் நமக்கு ரஷ்யாதான் நினைவுக்கு வரும். ஆனால் 1908-ல் பல்கேரியா சுதந்திர நாடாகத் தன்னை அறிவித்துக்கொண்டபோது ஃபெர்டினாண்டும் அந்தப் பட்டத்தைச் சூடிக்கொண்டார். மூன்றாவது ஆள் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஜார்ஜேதான். லண்டனில் அவர் அரசர். இந்தியாவுக்கோ 'கைசர்-இ-ஹிந்த்'.

கைசர், ஜார் இரண்டுக்கும் மூலம் ஜூலியஸ் சீசர் என்ற பெயரில் வரும் சீசர். பட்டமாகப் பிறந்த சொல்லே அல்ல. ஒரு குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்துக்கு அது எப்படி வந்தது என்பதற்கு ரோமானியர்களே பல கதை வைத்திருந்தார்கள். தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்ட மூதாதை ஒருவரால் வந்தது என்பது ஒன்று. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் புழங்கும் 'சிசேரியன்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கதைதான். அடர்ந்த தலைமுடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. வழுக்கையை மறைக்கப் பாடுபட்ட ஜூலியஸ் சீசருக்கு இது கொஞ்சம் கொடுமையான விளக்கம். யானையைக் கொன்ற முன்னோரால் வந்தது என்றும் ஒரு கதை உண்டு.

ஜூலியஸின் வளர்ப்பு மகன் அகஸ்டஸ் அந்தப் பெயரைச் சுவீகாரத்தில் பெற்றார். அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் அது குடும்பப் பெயராகவே தொடர்ந்தது. கி.பி. 68-ல் நீரோ செத்ததோடு அந்தக் குடும்பம் முடிந்தது, பெயர் முடியவில்லை. ரத்த சம்பந்தமே இல்லாத அடுத்தடுத்த ஆட்சியாளர்களும் அதை எடுத்து வைத்துக்கொண்டார்கள். பெயர் பட்டமானது இப்படித்தான்.

உச்சரிப்பில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பழைய லத்தீனில் அந்தப் பெயரை ஏறக்குறைய 'கைசர்' என்றுதான் சொன்னார்கள். ஜெர்மானியர்கள் அந்தச் சொல்லை மிகப் பழங்காலத்திலேயே கடன் வாங்கியதால் அந்த ஒலி அவர்களிடம் தங்கிவிட்டது. நாம் ஆங்கிலம் வழியாக 'சீசர்' என்று கற்றுக்கொண்டோம். ஆக, தமிழில் 'கைசர்' என்று எழுதிப் படிக்கும்போது, 'ஜூலியஸ் சீசர்' என்று சொல்வதைவிட அந்த மனிதரின் காதுக்குப் பழகிய ஒலிக்குப் பக்கத்தில் வருகிறோம். பாடப்புத்தகங்களில் 'கெய்சர்' என்றும் வரும். கைசரே மேல் என்பது என் கட்சி.

ஸ்லாவ் மொழிகளில் அதே பெயர் தேய்ந்து 'த்ஸார்' ஆனது. 1547-ல் ரஷ்யாவின் நான்காம் இவான் அந்தப் பட்டத்தோடு முடிசூட்டிக்கொண்டார். நமக்கு அது ஆங்கிலத்தின் வழியே வந்து, மிக்ஸி ஜாரும் ரஷ்ய ஜாரும் ஒன்றாக ஒலிக்கும் நிலை. கிழக்கே அரபியிலும் பாரசீகத்திலும் அதுவே 'கைசர்'. 1453-ல் கான்ஸ்டான்டினோபிளைப் பிடித்த துருக்கி சுல்தான் இரண்டாம் மெஹ்மத் 'ரோமின் கைசர்' என்று தன்னை அழைத்துக்கொண்டார். இந்தியாவில் உருது பேசுவோரிடம் இந்தச் சொல் ஏற்கனவே பழக்கத்தில் இருந்ததால்தான், விக்டோரியாவுக்கு இந்தியப் பட்டம் தேடியபோது 'கைசர்-இ-ஹிந்த்' பொருத்தமாகக் கிடைத்தது. 1877 ஜனவரி 1-ல் டெல்லி தர்பாரில் அதை அறிவித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வரை வெளிவந்த வெள்ளி ரூபாயில் அவர் தலையைச் சுற்றி 'விக்டோரியா அரசி' என்ற பொருளில் ஆங்கில எழுத்து இருக்கும். 1877 முதல் 'விக்டோரியா பேரரசி'. நம் பாட்டிமார் இரண்டையும் 'ராணி தலை போட்ட காசு' என்றே சொல்லி முடிந்து வைத்தார்கள்.

காசு என்றதும் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். ரோமுக்கு வரி கட்டலாமா என்று இயேசுவை மடக்கப் பார்த்தபோது, அவர் ஒரு காசை வாங்கி, 'இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது' என்று கேட்கிறார். பதில், பழைய தமிழ் பைபிளில், 'இராயனுடையது'. அதன் பிறகுதான் 'இராயனுடையதை இராயனுக்கும் தேவனுடையதைத் தேவனுக்கும்' என்ற வரி. மூலத்தில் இருப்பது கைசர்தான். அதை 'அரசன்' என்று பொதுவாக மாற்றாமல், 'சீசர்' என்று ஒலிபெயர்க்காமல், 'இராயன்' என்றார்கள். விஜயநகர ராயர்களை ஊர் மறந்திருக்காது. மேலே எங்கேயோ இருந்துகொண்டு வரி வாங்குகிற பெரிய அரசன் என்றால் ராயர் என்று சொன்ன உடனே புரிந்திருக்கும். அங்கே ஒரு வம்சத்தின் பெயர், இங்கேயும் ஒரு வம்சத்தை நினைவூட்டும் பெயர். கைசருக்குத் தமிழில் வந்த சொற்களிலேயே கெட்டிக்காரத்தனமானது இதுதான் என்பேன். பிற்கால மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் இது 'சீசர்' ஆகிவிட்டது. சரியானதுதான், ஆனால் சப்பென்று இருக்கிறது.

அந்தக் காசு அப்போதைய ரோமப் பேரரசர் டைபீரியஸ் தலை போட்டதாக இருக்கலாம் என்பார்கள். அப்படியானால் அதன் உடன்பிறப்புகள் நம் ஊர் மண்ணிலும் இருந்தன. கொங்குப் பகுதியில் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் மிகுதியானவை அகஸ்டஸும் டைபீரியஸும் வெளியிட்டவை. அவற்றின் விளிம்பில் கைசர் என்ற எழுத்து இருக்கிறது. 1898-ல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த ரோமானியப் பொற்காசுகளில் பலவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தார்கள். இனி இது நாணயமாகச் செல்லாது, பொன்னாக மட்டுமே என்று காட்டத்தான் அந்த வெட்டு என்பது ஆய்வாளர்களின் ஒரு விளக்கம்.

சரி, ஜெர்மனிக்குப் போவோம். 'கைசர் என்றால் மன்னர்' என்று எழுதுவது ஏன் தவறு என்பதற்கு ஓர் ஓவியமே சாட்சி. 1871 ஜனவரி 18 அன்று, பிரான்சைத் தோற்கடித்த கையோடு, அவர்களுடைய வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்திலேயே புதிய ஜெர்மன் பேரரசை அறிவித்தார்கள். பிரஷ்யாவின் மன்னர் முதலாம் வில்ஹெல்ம் கைசர் ஆனார். ஏற்கனவே மன்னராக இருந்தவர்தான். மேலே ஏறியதால்தான் கைசர். அந்தப் பேரரசுக்குள் பிரஷ்யாவைத் தவிர பவேரியா, சாக்சனி, வூர்ட்டெம்பெர்க் என்று மூன்று மன்னர்கள் பதவியில் இருந்தார்கள். கைசரை 'ஜெர்மன் மன்னர்' என்று எழுதினால் இவர்களை எங்கே வைப்பது?

அந்த விழாவுக்கு முந்தின நாள் பெரிய சண்டை. வில்ஹெல்முக்கு 'ஜெர்மனியின் கைசர்' என்ற பட்டம் வேண்டும். அவருடைய பிரதம அமைச்சர் பிஸ்மார்க் முடியாது என்றார். அப்படிச் சொன்னால் மற்ற மன்னர்களின் மண்ணும் உங்களுடையது என்றாகும், 'ஜெர்மன் கைசர்' என்றே இருக்கட்டும் என்பது அவர் வாதம். விழாவில் வாழ்த்துச் சொல்ல வேண்டிய பாடன் பெருங்கோமகன், வில்ஹெல்மின் மாப்பிள்ளை, இரண்டையும் தவிர்த்து 'கைசர் வில்ஹெல்ம் வாழ்க' என்று முழங்கித் தப்பித்தார். புது கைசர் மேடையிலிருந்து இறங்கி பிஸ்மார்க்கைக் கண்டுகொள்ளாமல் நடந்தார் என்று பிஸ்மார்க்கே பின்னாளில் எழுதிவைத்தார். அவர்கள் அடித்துக்கொண்ட வேற்றுமையைத் தமிழ் ஒரே ஓர் உருபில் காட்டிவிடுகிறது, கவனியுங்கள்: ஜெர்மன் கைசர், ஜெர்மனியின் கைசர். நம் பத்திரிகைகள் சாதாரணமாக எழுதுவது பிஸ்மார்க் மறுத்த வடிவத்தை.

மண்டபத்தில் நேரில் இருந்த ஓவியர் அன்டோன் ஃபான் வெர்னர் இந்தக் காட்சியைப் பிற்பாடு பல முறை வரைந்தார். முந்தைய பெரிய ஓவியங்கள் இரண்டாம் உலகப் போரில் அழிந்துவிட்டன. இன்று எல்லாப் புத்தகங்களிலும் வருவது 1885-ல் பிஸ்மார்க்கின் எழுபதாம் பிறந்தநாளுக்குப் பரிசாகத் தந்த வடிவம். அதில் பிஸ்மார்க் நட்டநடுவில் பளிச்சென்று வெள்ளைச் சீருடையில் நிற்கிறார். அன்றைக்கு அவர் போட்டிருந்தது நீலம். அங்கே வராத போர் அமைச்சர் ரோனும் படத்தில் இருக்கிறார். முந்தின நாள் சண்டையின் சுவடு ஒரு முகத்திலும் இல்லை.

முதலாம் வில்ஹெல்மின் பேரன்தான் நாம் விண்ட்சர் படத்தில் பார்த்த இரண்டாம் வில்ஹெல்ம். பிறக்கும்போது ஏற்பட்ட காயத்தால் அவருடைய இடது கை வளராமல் குட்டையாக நின்றுவிட்டது. அவருடைய படங்களைப் பார்க்கும்போது அந்தக் கையைத் தேடிப் பாருங்கள்: வாளின் பிடியில், அல்லது பையில், அல்லது கையுறைகளைப் பற்றியபடி. 1890-ல் மாக்ஸ் கோனர் பாரிஸ் தூதரகத்துக்காக அவரை வரைந்த படத்தைப் பார்த்த ஒரு பிரெஞ்சுத் தளபதி, இது உருவப்படம் இல்லை, போர்ப் பிரகடனம் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு.

தமிழில் கைசர் என்ற சொல் அதிகம் ஊன்றவில்லை. அவருடைய கப்பல் ஒன்று ஊன்றிவிட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுப் பற்றவைத்த எம்டனைத்தான் சொல்கிறேன். 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

'ஜார்' ஊன்றியதற்குப் பாரதியும் ஒரு காரணம். 1917 புரட்சியைப் பாடும்போது அவர் 'ஜாரெனும் பேர் இசைந்த பாவி' என்கிறார். பட்டம் என்று சொல்லவில்லை, பேர் என்கிறார். சொல்லின் பூர்வீகம் தெரிந்து எழுதினாரோ இல்லையோ, விஷயம் அதுதான்.

இனி தமிழ்ச் சொல். 'மன்னர்' போதாது என்று பார்த்தோம். 'ஜார் மன்னர்', 'கைசர் மன்னர்' என்று சேர்த்து எழுதுவது 'நடு சென்டர்' மாதிரி. அதிலும் இரண்டாவது சொல் முதல் சொல்லைக் கீழே இறக்குகிறது. 'வேந்தர்' அழகான பழஞ்சொல். குறுநில மன்னர்களுக்கு மேலே இருந்த சேர, சோழ, பாண்டியருக்கு மட்டுமே உரியதாக இருந்ததால் பொருளும் கச்சிதம். ஆனால் இன்றைக்கு வேந்தர் என்றால் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாதான் கண்முன் நிற்கும். இன்னொரு சங்கடமும் உண்டு. வேந்தர் என்பதற்கு நேரான ஆங்கிலப் பதவிப் பெயரான 'சான்சலர்', பேரரசில் பிஸ்மார்க் வகித்த பதவிக்கு வழங்குவது. வில்ஹெல்மை வேந்தர் என்றால் இருவரும் நாற்காலி மாறி உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும்.

'சக்கரவர்த்தி' வடமொழி; ஒரு தலைமுறைக்கு முன்பு வரை இதுதான் வழக்கு. தவறில்லை, கொஞ்சம் புராண வாசனை. 'பேரரசர்' தமிழ், தெளிவு, அரசருக்கு மேலே என்பதும் சொல்லிலேயே இருக்கிறது. பதவியைச் சொல்ல இதுவே போதும்: ஜெர்மன் பேரரசர், ஆஸ்திரியப் பேரரசர் (வியன்னாவில் இருந்தவரும் கைசர்தான்). ரஷ்யாவுக்கும் பேரரசர் பொருந்தும். 1721-ல் மகா பீட்டர் தன் அதிகாரப்பூர்வப் பட்டத்தை அப்படித்தான் மாற்றிக்கொண்டார், ஜார் என்பது மக்கள் வாயில் நின்றது. ஆனால் பல்கேரிய ஜாரைப் பேரரசர் என்றால் அந்தச் சிறிய நாட்டுக்குக் கனம் தாங்காது. அவரை ஜார் என்றே விட்டுவிடலாம். குறிப்பிட்ட ஆளைச் சொல்லும்போது 'கைசர் வில்ஹெல்ம்', 'ஜார் நிக்கோலஸ்' என்று பெயரோடு வைத்தால் போதும், பின்னால் எதையும் ஒட்ட வேண்டாம்.

பெண்பாலுக்கு ஓர் எச்சரிக்கை. ஜெர்மனில் பேரரசிக்கு 'கைசரின்'. அதை அப்படியே எழுதினால் தமிழில் 'கைசருடைய' என்றாகிவிடும். பேரரசி என்றே எழுதிவிடுவது நல்லது.

1913 மே மாதம், பெர்லினில் வில்ஹெல்மின் மகள் கல்யாணம். அங்கே ஐந்தாம் ஜார்ஜும் ரஷ்யாவின் இரண்டாம் நிக்கோலஸும் ஜெர்மன் சீருடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் பிரசித்தம். அம்மாக்கள் அக்கா தங்கை. பிள்ளைகள் இரட்டையர் மாதிரி இருக்கிறார்கள். நான்கே ஆண்டுகளில், 1917-ல், பதவி போன நிக்கோலஸ் ஒரு மரத்தின் அடிக்கட்டையில் உட்கார்ந்திருக்க, பின்னால் காவலர்கள் நிற்கும் படம் வருகிறது. 1918 நவம்பரில் வில்ஹெல்ம் நெதர்லாந்து எல்லையில் ஐஸ்டன் ரயில் நிலைய நடைமேடையில் நிற்கும் படம். அதற்கு ஒரு மாதம் முன்பே ஃபெர்டினாண்ட் முடியை மகன் போரிஸிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருந்தார். ஜார்ஜ் தப்பித்தார், ஆனால் 1917-ல் ஜெர்மன் வாசனை அடித்த குடும்பப் பெயரான சாக்ஸ்-கோபர்க்-கோத்தாவை விட்டுவிட்டு விண்ட்சர் என்று மாற்றிக்கொண்டார்.

ஃபெர்டினாண்டும் அதே சாக்ஸ்-கோபர்க்-கோத்தா குடும்பத்தின் ஒரு கிளைதான். அவருடைய பேரன் சிமியோன் 1943-ல் ஆறு வயதில் பல்கேரியாவின் ஜார் ஆனார். 1946-ல் முடியாட்சியையே ஒழித்தார்கள். நாடு கடந்து வாழ்ந்த அவர் பின்னாளில் திரும்பி வந்து, கட்சி தொடங்கி, அது தேர்தலில் வென்றதால் 2001-ல் பிரதமரானார். சாதாரணக் குடிமகனுக்கு ஒரு குடும்பப் பெயர் வேண்டும் அல்லவா? ஜார் என்று போட முடியாது. பல்கேரிய ஆவணங்களில் அவர் பெயர் சிமியோன் சாக்ஸ்கோபர்க்கோட்ஸ்கி.