சாஸ்திரம்: கட்டளையா, நூலா?

"சாஸ்திரத்துல அப்படித்தான் இருக்கு" என்று ஒருவர் சொல்லிவிட்டால் வீட்டில் பாதி வாக்குவாதம் அங்கேயே நின்றுவிடும். எந்தச் சாஸ்திரம், எந்த அத்தியாயம் என்று கேட்டால்தான் சிக்கல்.

வடமொழியில் 'சாஸ்' என்ற வேருக்குக் கற்பி, கட்டளையிடு, ஆள், தண்டி என்றெல்லாம் பொருள். அதோடு கருவியைக் காட்டும் 'த்ர' விகுதி சேர்ந்து சாஸ்த்ர ஆனது. சாசனம், சிஷ்யன், ஐயனாருக்குச் சொல்லும் சாஸ்தா எல்லாம் இதே வேர்தான். (ஆயுதத்தைக் குறிக்கும் சஸ்திரம் வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) தமிழில் சாத்திரம் என்று எப்போதோ வந்துவிட்டது. ஏழாம் நூற்றாண்டிலேயே அப்பர் "சாத்திரம் பலபேசுஞ் சழக்கர்காள், கோத்திரமுங் குலமுங் கொண்டு என்செய்வீர்" என்று திட்டியிருக்கிறார். அதே சைவம் பின்னாளில் தன் பதினான்கு தத்துவ நூல்களுக்கு மெய்கண்ட சாத்திரங்கள் என்று பேர் வைத்துக்கொண்டது தனிக் கதை.

கவனிக்க வேண்டியது, இந்தச் சொல்லில் புனிதம் கட்டாயம் கிடையாது. நாட்டியத்துக்கும் சாஸ்திரம் உண்டு, சிற்பத்துக்கும் உண்டு, அரசாங்கம் நடத்தவும் உண்டு. ஒரு துறையின் பாடநூல், அவ்வளவுதான். தர்ம சாஸ்திரங்களும் பலர், பல காலத்தில், ஒருவரோடு ஒருவர் முரண்பட்டு எழுதியவை. 1772இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ், திருமணம், வாரிசுரிமை போன்ற வழக்குகளில் இந்துக்களுக்குச் சாஸ்திரப்படியும் முஸ்லிம்களுக்குக் குரான்படியும் தீர்ப்பு என்று வகுத்த பிறகு அவற்றுக்கு நீதிமன்றச் சட்டத்தின் விறைப்பு வந்து சேர்ந்தது.

சரி, இன்றைக்கு எது நல்லது எது கெட்டது என்று முடிவுசெய்ய இவை உதவுமா? வங்காளத்து ஈஸ்வர சந்திர வித்யாசாகர் செய்ததைப் பாருங்கள். கணவன் காணாமல் போனாலோ, இறந்தாலோ, துறவு பூண்டாலோ பெண் வேறொருவரை மணக்கலாம் என்ற, தர்ம சாஸ்திரங்களில் ஒன்றான பராசர ஸ்மிருதியின் சுலோகத்தை எடுத்துவைத்துத்தான் அவர் விதவை மறுமணத்துக்கு வாதாடினார், 1856இல் சட்டமும் வந்தது. ஆனால் அந்தச் சுலோகத்தை அடுத்தே மறுமணம் செய்யாமல் நோன்பிருக்கும் விதவைக்கும், கணவனோடு உடன்கட்டை ஏறுகிறவளுக்கும் சொர்க்கம் என்று வருகிறது. அவரை எதிர்த்த பண்டிதர்களும் சாஸ்திரம் காட்டித்தான் எதிர்த்தார்கள். எதை எடுப்பது எதை விடுவது என்று அவருக்குச் சொன்னது சிறுவயது விதவைகளின் நிலைமை. சுலோகம் ஊர் வாயை அடைக்கத்தான்.

மனு ஸ்மிருதியிலும் இதே கதை. நான்காம் அத்தியாயத்தில், தர்மமே ஆனாலும் பின்னால் துன்பம் தருவதாகவோ உலகம் வெறுப்பதாகவோ இருந்தால் விட்டுவிடு என்கிறது, எட்டாவதில் இருபிறப்பாளரை (பூணூல் போடும் மேல் மூன்று வருணத்தாரை)க் கடுமையாகத் திட்டிய சூத்திரனின் நாக்கை அறுக்கச் சொல்கிறது. 1927 டிசம்பர் 25 அன்று மகாராஷ்டிரத்து மகாடில் அம்பேத்கர் முன்னின்று மனு ஸ்மிருதியை எரித்தபோது "நாலாம் அத்தியாயத்தைப் பாருங்கள்" என்று அவரிடம் சொல்லியிருந்தால் என்ன பயன்? வழிகாட்டி என்றால் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் வழிகாட்ட வேண்டும். நாமே பொறுக்கி எடுக்கிறோம் என்றால், பொறுக்குகிற அறிவுதான் வழிகாட்டி. அதற்காகப் படிக்காமல் தூக்கிப்போடச் சொல்லவில்லை, படித்துச் சண்டை போடத்தான் சொல்கிறேன்.

தமிழில் சாஸ்திரம் என்ற சொல்லுக்கு நேர்ச்சொல் நூல். தச்சர் மரத்தின் கோணலை நூல் பிடித்துத் தீர்ப்பதுபோல மனக்கோணலைத் தீர்ப்பது நூலின் மாண்பு என்கிறது நன்னூல். இதில் 'கட்டளை', 'தண்டனை' வாடை இல்லை என்பதால் எனக்குப் பிடிக்கும். தர்ம சாஸ்திரத்தை அறநூல் என்கிறார்கள், எனக்கு அது உறுத்தும், நாக்கை அறுப்பது என்ன அறம்? விதிநூல் என்பதே பொருந்தும். சிற்ப சாஸ்திரம் சிற்பநூல், வானசாஸ்திரம் ஏற்கெனவே வானியல் ஆகிவிட்டது. அப்புறம், "சாஸ்திரத்துக்கு ஒரு வாய் சாப்பிடு" என்று பாட்டிமார் சொல்வார்களே, அங்கே 'பேருக்கு' என்றால் போதும்.