வண்டி முகப்பில் காய்ந்த பூச்சி ஏன் போக மறுக்கிறது?

ஃப்ளோரிடாவில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மே மாதம் ஆர்.வி. ஒன்றை, அதாவது வீடுபோல் உள்ளேயே தங்கக்கூடிய பயண வண்டியை, வாடகைக்கு எடுத்து டாம்பாவிலிருந்து அட்லாண்டா போய்வந்தோம். வண்டி முகப்பு முழுக்கக் கறுப்புப் பூச்சி அப்பிக்கொண்டது. மறுநாள் தேய்த்தால் வரவே இல்லை. காய்ந்த சேறுகூடத் தண்ணீர் பட்டால் கரைந்துவிடுகிறதே, இது மட்டும் ஏன் இப்படி? அப்புறம், இந்தப் பூச்சியைக் கொசுவை ஒழிக்கப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி வெளியே விட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?"

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம். உண்மை இல்லை. அது லவ்பக் என்ற ஈ வகை. ஆணும் பெண்ணும் பின்பக்கம் இணைந்தபடியே பறக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரையும், ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரையும் கூட்டங்கூட்டமாகக் கிளம்பும். மத்திய அமெரிக்காவிலிருந்து மெக்சிகோ, டெக்சஸ், லூசியானா என வளைகுடாக் கரையோரமாகவே பரவி, 1940களின் கடைசியில் ஃப்ளோரிடாவுக்கு வந்து சேர்ந்தது. இதற்கு அறிவியல் பெயர் வைத்து விவரித்த ஆண்டு 1940. மரபணுவை வெட்டி ஒட்டும் நுட்பமே 1970களில்தான் வந்தது. இந்த ஈ கொசுவைத் தின்பதும் இல்லை. வளர்ந்தது பூந்தேனைக் குடிக்கும், புழு மட்கிய புல்லைத் தின்னும். பல ஆண்டுகளாக இந்தப் பூச்சியைப் பொறுமையாக ஆராய்ந்தவர்கள் மீதே இந்தப் பழி விழுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நெடுஞ்சாலையில் இவை மொய்ப்பதற்கும் காரணம் உண்டு. வண்டிப் புகையில் வெயில் படும்போது உண்டாகும் ஆல்டிஹைடு வகை வேதிப்பொருள்கள் சில இவற்றை ஈர்க்கின்றன. சாய்ந்த மூக்கு கொண்ட காரில் மேலேறிப் போகும் காற்று லேசான பூச்சிகளில் சிலவற்றைத் தன்னோடு தூக்கிச் சென்றுவிடும். பேருந்து போலத் தட்டையாக நிமிர்ந்து நிற்கும் ஆர்.வி. முகப்பில் காற்று சட்டென்று பக்கவாட்டில் திரும்புகிறது. பூச்சியால் அந்த வேகத்தில் திரும்ப முடியாது, நேராக வந்து மோதும். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 28 மீட்டர். அந்த வேகத்தில் உடல் கிழிந்து உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடுகிறது.

சரி, இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி.

பூச்சிக்கு நம்மைப் போல உடல் முழுக்க ரத்தக்குழாய்கள் கிடையாது. ஹீமோலிம்ஃப் என்ற திரவம் உடற்குழி முழுக்க நிரம்பியிருக்கும், உறுப்புகள் அதில் மிதக்கும். ஒரு முள் குத்தினால் போதும், எல்லாமே வடிந்துவிடும் அபாயம். அதனால் காயத்தை அடைக்க மிக வேகமான ஏற்பாடு ஒன்று தேவை. அது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில், டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி புரதங்களை ஒன்றோடொன்று கோத்து மெல்லிய வலையாக்குகிறது. இது இன்னும் மிருதுதான், தொட்டால் நூல் நூலாக வரும். அடுத்து ஃபீனால் ஆக்சிடேஸ் என்ற இன்னொரு நொதி வேலையைத் தொடங்குகிறது.

இந்த நொதியைச் செயல்படாத நிலையில்தான் பூச்சி சேமித்து வைக்கிறது. பழ ஈயில் அதற்கென்றே சில செல்கள் உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் செல்லுக்குள் நொதி படிகமாகவே தெரியும். காயம்பட்டதும் அந்தச் செல் வெடித்துத் தன் சரக்கை வெளியே கொட்டும். வேறு நொதிகள் அந்தச் சேமித்த நொதியின் ஒரு துண்டை வெட்டிவிட, அது விழித்துக்கொள்ளும். காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு ஃபீனால் வகை வேதிப்பொருள்களைக் குவினோன் என்ற வகையாக மாற்றும். குவினோன் சும்மா இருக்காது. பக்கத்திலுள்ள புரதத்தைப் பிடித்து இன்னொரு புரதத்தோடு பிணைக்கும், மிச்சம் மெலனின் என்ற நிறமியாகிக் கறுக்கும். கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் வைத்தால் கறுப்பதும் இதே குடும்பத்து வேதிவினைதான். பூச்சியின் ஃபீனால் ஆக்சிடேஸ், கத்தரிக்காயின் நொதி, இரண்டின் மையத்திலும் இரண்டிரண்டு செம்பு அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன.

பூச்சி செத்துவிட்டது என்று நொதிக்குத் தெரியாது. உடல் வண்டி முகப்பில் சிதறிய பிறகும் அது காயத்தை அடைத்துக்கொண்டேதான் இருக்கிறது. சேறு காயும்போது தண்ணீர் மட்டும் வெளியேறுகிறது, திரும்ப ஊற்றினால் குழைந்துவிடும். இங்கே புரதங்கள் புதிய வேதிப்பிணைப்புகளால் கட்டுண்டு வேறொரு பொருளாகவே மாறிவிடுகின்றன. போதாததற்குப் பெண் பூச்சியின் வயிற்றில் நூற்றுக்கணக்கான முட்டைகளும் கொழுப்பும் இருக்கும். வெயிலில் சூடான தகட்டின் மேல் எல்லாம் சேர்ந்து இறுகுகிறது.

இதிலிருந்தே கழுவும் முறையும் வந்துவிடுகிறது. அன்றைக்கே, பிணைப்புகள் முற்றுவதற்குள் கழுவினால் தண்ணீரும் வண்டி கழுவும் சோப்புமே போதும். காய்ந்துவிட்டதென்றால் தேய்க்க வேண்டாம், ஊற விடுங்கள். நனைத்த துண்டை முகப்பில் ஒட்டினாற்போல் போர்த்தி, நிழலில் கால் மணி நேரம் விட்டால் புரத வலை நீரை உறிஞ்சி உப்பும், பிடி தளரும். பிறகு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி வழித்தெடுக்கலாம். புரதத்தை வெட்டும் நொதி கலந்த திரவங்களும் கிடைக்கின்றன. அவை குவினோன் பிணைப்பையோ மெலனினையோ வெட்டுவதில்லை, அவற்றுக்கு நடுவிலுள்ள புரதச் சங்கிலியை வெட்டுகின்றன. வெட்ட நேரம் வேண்டும், தெளித்தவுடன் துடைத்தால் பயனில்லை. பாத்திரம் தேய்க்கும் நாரைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். பயணத்துக்கு முன் மெழுகு பூசியிருந்தால் வேலை பாதியாகும். லவ்பக் இரவில் பறக்காது என்பதால் அந்தப் பருவத்தில் இருட்டிய பிறகு ஓட்டுவதும் நல்ல வழி.

விமானங்களுக்கும் இதே தொல்லை உண்டு. இறக்கையின் முன்விளிம்பில் ஒட்டும் பூச்சி, சீராகப் போகும் காற்றோட்டத்தைக் குலைத்து எரிபொருள் செலவைக் கூட்டும். நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தினர் 2015-ல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஒரு போயிங் 757-ஐப் பறக்கவிட்டு, பூச்சி ஒட்டாத பூச்சுகளைச் சோதித்தார்கள். ஒரு பூச்சு, ஒட்டும் பூச்சியின் அளவை ஏறத்தாழ 40 சதவீதம் குறைத்தது. பூச்சி துடைக்கவா விண்வெளி நிறுவனத்துக்குப் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு நிச்சயம் பணம் தர வேண்டும் என்பேன். பூச்சி ரத்தம் எப்படி உறைகிறது என்று யாரோ வருடக்கணக்கில் ஆராய்ந்ததால்தான் இப்படியொரு பூச்சை யோசிக்கவே முடிகிறது.

கடைசியாக, எவ்வளவு கழுவியும் போகாத மங்கலான புள்ளிகளைப் பற்றியும் அந்த வாசகர் கேட்டிருந்தார். சிதறிய பூச்சியை பாக்டீரியா சிதைக்கும்போது அமிலத்தன்மை ஏறுகிறது. நாள்கணக்கில் விட்டால் அது பெயின்ட்டை அரிக்கும். அப்போது நீங்கள் பார்ப்பது அழுக்கு இல்லை, பள்ளம். எந்தத் திரவமும் அதை எடுக்காது, பாலிஷ் போட்டுச் சுற்றியுள்ள மட்டத்தைத்தான் இறக்க வேண்டும். ஃபைபர்கிளாஸ் வண்டியின் மேல்பூச்சான ஜெல் கோட் அரை மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும், அது தாங்கும். பெயின்ட் அடித்த வண்டியில் நிறத்துக்கு மேலுள்ள கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு அதில் பத்தில் ஒரு பங்குதான் என்பதால், அதைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.